விசுவாசம் என்னும் கேடகம்: துன்பக் காலத்தில் அதைக் கையில் எடுப்பது எப்படி?

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில், டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து திரும்புகிறவர்களின் கையில் பெரும்பாலும் ஒரு வாக்குத்தத்த அட்டை இருக்கும். வரும் ஆண்டில் கடவுள் உடனிருந்து காப்பார் என்று சொல்லும் வசனம் ஒன்று அதில் அச்சிடப்பட்டிருக்கும். அது பீரோக் கண்ணாடியின் ஓரத்திலோ வேதாகமத்தின் உறைக்குள்ளோ செருகப்பட்டு, ஆண்டு முழுதும் அங்கேயே கிடக்கும். மார்ச் மாதத்தில் வீட்டில் ஒருவருக்கு வேலை போகலாம்; ஜூன் மாதத்தில் மருத்துவர் ஓர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, அதிகம் பேசாமல் இன்னொரு பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கலாம். அப்போது அந்த வசனத்தை வைத்துக்கொண்டு ஒரு விசுவாசி செய்ய வேண்டியது என்ன? காத்திருப்பதா, கேள்வி கேட்பதா, தன் விசுவாசம் போதவில்லை என்று தன்னையே நொந்துகொள்வதா?

இந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவ மரபு தரும் பதிலை, அந்த மரபுக்குப் புதியவர்களுக்கும் விளங்கும்படி சொல்ல முயல்வதே இக்கட்டுரை. விசுவாசம் மனிதனைக் காக்கும் என்பது அந்த மரபின் மிகப் பழைய கூற்று. அது எப்படிப்பட்ட பாதுகாப்பு, அதில் மனிதன் செய்ய வேண்டிய பங்கு ஏதேனும் உண்டா என்பவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளாததால்தான் பலர் துன்பத்தோடு குழப்பத்தையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். இங்கே எடுத்தாளப்படும் வசனங்கள் புராட்டஸ்டண்டு சபைகளில் வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பைச் சேர்ந்தவை.

சிறைக்குள்ளிருந்து வந்த உருவகம்

விசுவாசத்தைப் பாதுகாப்போடு இணைத்துப் பேசும் வசனங்களுள் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவது எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் (கடிதத்தின்) 6:16. அந்த அதிகாரம் ஒரு போர்வீரனின் முழு ஆயத்தத்தையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறது: இடைக்கச்சை, மார்க்கவசம், பாதரட்சை, கேடகம் (கேடயம்), தலைச்சீரா (தலைக்கவசம்), பட்டயம் (வாள்). கேடகத்தைப் பற்றிச் சொல்லும்போது, "பொல்லாங்கன் எய்யும் அக்கினியாஸ்திரங்களையெல்லாம் அவித்துப்போடத்தக்கதாய், எல்லாவற்றின்மேலும் விசுவாசமென்னும் கேடகத்தைப் பிடித்துக்கொண்டவர்களாயும் நில்லுங்கள்" என்கிறது. பொல்லாங்கன் என்பது பிசாசு.

இதை முதலில் கேட்டவர்கள் ரோமப் பேரரசில் வாழ்ந்தவர்கள். வீரர்களின் கேடகம் எப்படியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ரோமக் காலாட்படையின் பெரிய கேடகத்தைக் கிரேக்க வரலாற்றாசிரியரான பொலிபியஸ் கிறிஸ்துவுக்கு முந்தைய 2ஆம் நூற்றாண்டிலேயே விவரித்திருக்கிறார். பலகைகளை ஒட்டி, அவற்றின்மேல் துணியும் தோலும் போர்த்தி, மேல் கீழ் விளிம்புகளில் இரும்புப் பட்டை பொருத்திய அந்தக் கேடகம் ஏறத்தாழ 4 அடி உயரமும் இரண்டரை அடி அகலமும் கொண்டது. நெருப்பு வைத்து எறியப்படும் ஆயுதங்களும் அக்காலப் போர்களில் உண்டு. ஆகவே "அக்கினியாஸ்திரம்" என்பது வெறும் அலங்காரச் சொல் அன்று.

இந்த உருவகத்தில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கேடகம் உடம்போடு ஒட்டிய பொருள் அன்று. மார்க்கவசத்தைப் போல ஒருமுறை அணிந்துவிட்டு மறந்துவிட முடியாது. கையால் தூக்க வேண்டும். அம்பு வரும் திசையில் திருப்ப வேண்டும். கை வலித்தாலும் இறக்காமல் இருக்க வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் கேடகம் யாரையும் காப்பதில்லை. விசுவாசத்தை இப்படிப்பட்ட ஒரு பொருளுக்கு ஒப்பிட்டதன் மூலம், அது பிறப்பிலேயே வந்துசேரும் அடையாளமோ ஞானஸ்நானப் பதிவேட்டில் உள்ள பெயரோ மட்டும் அன்று என்பதை நிருபம் உணர்த்துகிறது.

இன்னொன்று, அந்தப் போர்க்கவசப் பகுதி முழுவதும் பன்மையில் பேசுகிறது: "நில்லுங்கள்", "தரித்துக்கொள்ளுங்கள்". ரோமப் படையினர் கேடகங்களை நெருக்கமாகச் சேர்த்து, முன்னும் பக்கவாட்டிலும் தலைக்கு மேலும் கூரைபோல அமைத்து முன்னேறும் அணிவகுப்புக்கு ஆமை என்றே பெயர். தனியாக நிற்கிறவனின் கேடகம் அவனுடைய முன்புறத்தை மட்டுமே மறைக்கும். பக்கவாட்டை மறைக்க அடுத்தவன் வேண்டும். தனிமனித பக்தியையே விசுவாசத்தின் முழு வடிவமாகக் காணப் பழகிய நமக்கு இது உறைக்க வேண்டிய செய்தி.

இதை எழுதியவர் (மரபுப்படி அப்போஸ்தலர் பவுல்) இருந்த இடமும் முக்கியம். "சங்கிலியால் கட்டப்பட்டிருக்கிற" நிலையில் எழுதுவதாக அதே அதிகாரத்தின் 20ஆம் வசனம் கூறுகிறது. பாதுகாப்பைப் பற்றி எழுதுகிறவரே சிறைப்பட்டவர். தனக்காக ஜெபிக்கும்படி அவர் வாசகர்களிடம் கேட்கிறார். ஆனால் விடுதலையைக் கேட்கவில்லை, தைரியமாய்ப் பேசுவதற்கான வாக்கைக் கேட்கிறார். விசுவாசத்தின் பாதுகாப்பு என்றால் சங்கிலி அறுந்து விழுவது மட்டுமே என்று அவர் எண்ணியிருந்தால், அந்த விண்ணப்பம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

எது காக்கப்படுகிறது?

இங்குதான் தொடங்குகிறவர்கள் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. விசுவாசம் காக்கும் என்றால், எதைக் காக்கும்? உடல்நலத்தையா, வேலையையா, பிள்ளைகளின் உயிரையா?

இயேசு தம் சீடரான பேதுருவிடம் கடைசி இராப்போசனத்தின்போது சொன்னதாக லூக்கா 22ஆம் அதிகாரம் பதிவு செய்திருக்கும் வார்த்தைகள் இக்கேள்விக்கு நேராகவே பதில் தருகின்றன. "கோதுமையைச் சுளகினால் புடைக்கிறதுபோல சாத்தான் உங்களைப் புடைக்கிறதற்கு உத்தரவு கேட்டுக்கொண்டான். நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்." புடைப்பதே நடக்கக் கூடாது என்று அவர் வேண்டிக்கொண்டதாகச் சொல்லவில்லை. புடைக்கப்படும்போது பேதுருவிடம் எது மிஞ்ச வேண்டும் என்பதற்காக வேண்டிக்கொண்டதாகச் சொல்கிறார். அன்றிரவே பேதுரு, இயேசுவை அறியேன் என்று மூன்று முறை மறுதலித்தார், மனங்கசந்து அழுதார். ஆனாலும் அவர் முற்றிலும் விலகிப் போய்விடவில்லை. திரும்பி வந்தார், பின்னர் மற்றவர்களைத் தாங்கினார்.

அப்படியானால் கேடகத்துக்குப் பின்னால் முதலாவது காக்கப்படுவது, கடவுளோடு மனிதனுக்குள்ள பிணைப்பு. "கடவுள் உன்னைக் கைவிட்டுவிட்டார்", "நீ செய்த பாவத்துக்குத்தான் இது", "இனி ஒன்றும் மிச்சமில்லை" என்று துன்ப நேரத்தில் வந்து தைக்கும் எண்ணங்களே அந்த அக்கினியாஸ்திரங்கள் என்று பலகாலமாகப் பிரசங்கிகள் விளக்கி வந்திருக்கிறார்கள். மனநோய் மருத்துவத்தின் வேலையை இந்த விளக்கம் எடுத்துக்கொள்வதில்லை. நீடித்த மனச்சோர்வுக்கு மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். ஆயினும் ஒரே துன்பம் ஒருவரைக் கசப்புக்கும் இன்னொருவரைப் பொறுமைக்கும் கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறவர்களுக்கு, சம்பவத்தைத் தாண்டி ஏதோ ஒன்று காக்கப்படவோ இழக்கப்படவோ செய்கிறது என்பது புரியும்.

இதைச் சொல்வதால் உடலுக்கும் பிழைப்புக்கும் கடவுளிடம் கேட்கக் கூடாது என்று பொருளாகாது. அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கக் கற்றுக்கொடுத்ததும் அதே இயேசுதான். நோய் நீங்கவும் ஆபத்து விலகவும் வேண்டிக்கொள்வது கிறிஸ்தவ ஜெபத்தின் இயல்பான பகுதி. நீங்கியவர்களின் சாட்சிகளும் ஏராளம். கேட்பதற்குத் தடையில்லை. கேட்டது கேட்டபடியே நடந்தால்தான் விசுவாசம் பலித்தது என்று வைத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பிசாசு மேற்கோள் காட்டிய சங்கீதம்

பாதுகாப்புக்கென்றே பெயர்பெற்றது 91ஆம் சங்கீதம். "உன்னதமானவரின் மறைவிலிருக்கிறவன் சர்வவல்லவருடைய நிழலில் தங்குவான்" என்று தொடங்கும் அது, பயண நேரத்திலும் மருத்துவமனைக் கட்டிலருகிலும் கொள்ளைநோய்க் காலத்திலும் எத்தனையோ தலைமுறைகளாக வாசிக்கப்படுகிறது. கொரோனா நாட்களில் அதைக் கைப்பேசியில் பெறாத தமிழ்க் கிறிஸ்தவர் குறைவாகவே இருப்பார்.

சுவிசேஷங்களில் இதே சங்கீதத்தை மேற்கோள் காட்டுகிறவன் யார் என்பதை நாம் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை. மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் பிசாசு இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் உம்மைக் கைகளில் ஏந்திக்கொண்டு போவார்கள் என்று எழுதியிருக்கிறதே என்கிறான். அதற்கு இயேசு, "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்னும் உபாகம வசனத்தால் பதில் சொல்கிறார். வாக்குத்தத்தம் பொய் என்று அவர் சொல்லவில்லை. அதைக் கடவுளின் கையை முறுக்கும் கருவியாக்குவதை மறுக்கிறார்.

கடவுளை நம்புவதற்கும் கடவுளைச் சோதிப்பதற்கும் உள்ள எல்லைக்கோடு இதுதான். தலைக்கவசம் இல்லாமல் வண்டி ஓட்டிவிட்டு ஜெபித்தேன் என்பதும், நீரிழிவுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை விசுவாசத்தின் பெயரால் நிறுத்திவிடுவதும் உப்பரிகையிலிருந்து குதிப்பதற்கு ஒப்பானவையே. இதை ஆழ்ந்த விசுவாசம் என்று மேடையிலிருந்து புகழ்கிறவர்கள் மத்தேயு 4ஐ இன்னொரு முறை வாசிப்பது நல்லது. அந்தச் சங்கீதமே தன் 15ஆம் வசனத்தில், "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்று சொல்கிறது. ஆபத்து வரும் என்பதை அது முன்னமே ஒத்துக்கொண்டுதான் பேசுகிறது.

கப்பலில் பவுல்

செயலோடு கூடிய நம்பிக்கை எப்படியிருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரம். ஞாயிறு ஆராதனைகளில் அவ்வளவாக வாசிக்கப்படாத பகுதி அது. ஆனால் நம் பொருளுக்கு அதைவிடத் தெளிவான இடம் வேதாகமத்தில் வேறு உண்டா என்பது ஐயமே.

பவுல் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்படுகிறார். யூலியு என்னும் நூற்றுக்கு அதிபதி (ரோமப் படைத்தலைவன்) காவலுக்கு இருக்கிறான். கடல்யாத்திரைக்கு ஏற்ற பருவம் கடந்துவிட்டது, இனிப் போனால் சேதம் வரும் என்று பவுல் எச்சரிக்கிறார். அவர் பேச்சைவிட மாலுமியும் கப்பல் எஜமானும் சொன்னதையே நூற்றுக்கு அதிபதி நம்புகிறான். சிறிது தூரம் போனதும் யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்று மோதுகிறது. சரக்கை எறிகிறார்கள், கப்பலின் தளவாடங்களை எறிகிறார்கள், பல நாள் சூரியனோ நட்சத்திரங்களோ தெரியவில்லை. தப்பிப் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதாக அந்த நிகழ்ச்சியை எழுதியவர் வெளிப்படையாகச் சொல்கிறார்.

அந்நிலையில் ஓர் இரவு தேவதூதன் தனக்குத் தோன்றி, கப்பற்சேதமேயன்றி ஒருவருக்கும் பிராணசேதம் வராது என்று சொன்னதாகப் பவுல் எல்லாருக்கும் அறிவிக்கிறார். "எனக்குச் சொல்லப்பட்டபிரகாரமாகவே நடக்கும் என்று தேவனிடத்தில் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்பது அவருடைய வார்த்தை. வாக்குத்தத்தம் கிடைத்தாயிற்று. நாம் எதிர்பார்க்கும் கதையில் இதற்குப் பிறகு பவுல் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும், அல்லது காற்று அடங்க வேண்டும்.

நடந்தது வேறு. பதினான்காம் இரவில் கரை நெருங்குவதாகத் தோன்ற, விழுது (ஆழம் அளக்கும் கயிறு) விட்டுப் பார்க்கிறார்கள். 20 பாகம் ஆழம், சற்று அப்பால் 15 பாகம். பாறையில் மோதாதபடி பின்னணியத்திலிருந்து 4 நங்கூரங்களைப் போடுகிறார்கள். அப்போது கப்பலாட்கள் முன்னணியத்தில் நங்கூரம் போடப் போவதுபோல நடித்துப் படகை இறக்கித் தப்பியோடப் பார்க்கிறார்கள். பவுல் நூற்றுக்கு அதிபதியிடம், "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்" என்கிறார். ஒருவனும் சாகமாட்டான் என்று கடவுள் சொல்லிவிட்டார் என நம்புகிற அதே மனிதர், கப்பல் ஓட்டத் தெரிந்தவர்கள் போய்விட்டால் பிழைக்க முடியாது என்றும் சொல்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில் நம்புவதில் அவருக்கு முரண்பாடு தெரியவில்லை. வீரர்கள் படகின் கயிற்றை அறுத்துவிடுகிறார்கள்.

விடியும் நேரத்தில், எல்லாரும் சாப்பிட வேண்டும், உங்கள் தப்புதலுக்கு அது உதவியாயிருக்கும் என்று வற்புறுத்தி, தாமே அப்பத்தை எடுத்து எல்லாருக்கும் முன்பாகக் கடவுளுக்கு நன்றி சொல்லிப் பிட்டுப் புசிக்கத் தொடங்குகிறார். பதினான்கு நாள் சரியாக உண்ணாதவர்கள் அதைப் பார்த்துத் தாங்களும் உண்கிறார்கள். நீந்திக் கரை சேர உடம்பில் வலு வேண்டுமல்லவா! கப்பல் மணல்திட்டில் தட்டி உடைகிறது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும், மற்றவர்கள் பலகைகளையும் கப்பலின் துண்டுகளையும் பற்றிக்கொண்டும், 276 பேரும் மெலித்தா தீவில் கரையேறுகிறார்கள்.

இந்தப் பகுதியைக் கூர்ந்து வாசித்தால், விசுவாசம் பவுலுக்குச் செய்து கொடுத்தது என்ன என்பது தெரியும். புயலை அது நிறுத்தவில்லை. கப்பலைக் காப்பாற்றவில்லை. ஆனால் எல்லாரும் நம்பிக்கை இழந்திருந்த இடத்தில் அவருக்கு நிதானமாகக் கண்ணைத் திறந்து பார்க்க முடிந்தது: யார் ஓடப் பார்க்கிறார்கள், யாருக்குப் பசி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம். பயம் ஆளும் மனம் இவற்றைக் கவனிக்காது. கடைசியில் அவரோடிருந்த கைதிகளுக்கும் காவலர்களுக்கும் மாலுமிகளுக்கும் அது உயிராய் முடிந்தது. அவர்களில் எத்தனை பேர் அவருடைய கடவுளை நம்பினார்கள் என்று இதை எழுதிய லூக்கா சொல்லவும் இல்லை.

இந்த முறை வேதாகமத்தில் வேறு இடங்களிலும் உண்டு. எருசலேமின் மதிலைக் கட்டிய நெகேமியா பகைவரின் சதியைக் கேள்விப்பட்டபோது, "தேவனை நோக்கி ஜெபம்பண்ணி, அவர்களினிமித்தம் இரவும்பகலும் ஜாமங்காக்கிறவர்களை வைத்தோம்" என்று ஒரே வாக்கியத்தில் இரண்டையும் எழுதிவிடுகிறார். ராஜாவாக அபிஷேகம் பெற்ற தாவீது, அப்போது ஆண்டுகொண்டிருந்த ராஜா சவுல் ஈட்டியை எறிந்தபோது, எப்படியும் நான் ராஜாவாகத்தானே போகிறேன் என்று அங்கேயே நிற்கவில்லை. விலகினான், ஜன்னல் வழியாய் இறங்கி ஓடினான். வீட்டில் அடி வாங்கிக்கொண்டு, பொறுமையாயிருந்து ஜெபி என்ற ஆலோசனையை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆபத்தை விட்டு வெளியேறுவதும், இந்தியாவில் 181 என்னும் பெண்கள் உதவி எண்ணை அழைப்பதும் விசுவாசக் குறைவு அல்ல.

விட்டன்பெர்க், 1527

வேதாகமக் காலத்துக்கு வெளியே ஒரு நிகழ்ச்சி. 1527 ஆகஸ்டில் ஜெர்மனியின் விட்டன்பெர்க் நகருக்குக் கொள்ளைநோய் வந்தது. பல்கலைக்கழகம் யேனா நகருக்கு மாற்றப்பட்டது; சபைச் சீர்திருத்தத் தலைவர் மார்ட்டின் லூதரையும் அங்கே போகும்படி ஆட்சியாளர் கட்டளையிட்டார். லூதர் போகவில்லை. அவரும் போதகர் புகன்ஹாகனும் நோயுற்றோரைக் கவனிக்க நகரிலேயே தங்கினார்கள். லூதரின் வீடே நோயாளிகள் தங்கும் இடமாயிற்று. அவருடைய மனைவி கத்தரீனா அப்போது கர்ப்பிணி.

பிரெஸ்லவ் நகரத்துப் போதகர்கள், கொள்ளைநோய் வந்தால் கிறிஸ்தவன் ஓடிப்போகலாமா என்று அவரிடம் கேட்டிருந்தார்கள். அதற்கு அவர் எழுதிய விரிவான பதிலில் இரு பக்கத்தாரையும் கண்டிக்கிறார். பொறுப்பில் இருப்பவர்கள், அதாவது போதகர்களும் அதிகாரிகளும் நோயாளிக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டியவர்களும் ஓடக் கூடாது. அப்படிப்பட்ட கடமை இல்லாதவர்கள் விலகிப் போவதில் பாவமில்லை. மறுபுறம், மருந்தை ஒதுக்கித் தள்ளி, கடவுள் நினைத்தால் காப்பார் என்று அலட்சியமாய்த் திரிகிறவர்கள் கடவுளை நம்புகிறவர்கள் அல்லர், அவரைச் சோதிக்கிறவர்கள். தாம் செய்யப் போவதையும் அவர் சொல்கிறார்: கடவுள் காக்கும்படி முதலில் வேண்டிக்கொள்வேன்; பிறகு புகையிட்டுக் காற்றைச் சுத்தப்படுத்துவேன், மருந்து கொடுப்பேன், நானும் உட்கொள்வேன்; என்னால் பிறருக்குத் தொற்றாதபடி, எனக்கு வேலையில்லாத இடங்களையும் ஆட்களையும் தவிர்ப்பேன்; ஆனால் அயலானுக்கு நான் தேவைப்பட்டால் எந்த இடத்தையும் எவரையும் தவிர்க்க மாட்டேன்.

அந்த ஆண்டு டிசம்பரில் அவர்களுக்கு எலிசபெத் என்ற மகள் பிறந்தாள். அடுத்த ஆகஸ்டில் அக்குழந்தை இறந்துபோயிற்று. லூதரின் விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வரியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விடுவிக்காமற்போனாலும்

விடுதலை வராத இடங்களை வேதாகமம் மறைப்பதில்லை. நடபடிகள் 12ஆம் அதிகாரத்தில் ஏரோது ராஜா அப்போஸ்தலர் யாக்கோபைப் பட்டயத்தால் கொலைசெய்கிறான்; பேதுருவையும் பிடித்துச் சிறையில் வைக்கிறான்; பேதுருவைத் தூதன் வெளியே கொண்டுவருகிறான். யாக்கோபு ஏன் தப்பவில்லை என்பதற்கு அங்கே ஒரு சொல் விளக்கமும் இல்லை. (பேதுருவுக்காக ஊக்கமாய் ஜெபித்துக்கொண்டிருந்த கூட்டம், அவர் வாசலில் வந்து தட்டியபோது நம்பவில்லை என்பதும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது, ஜெபம் கேட்கப்படுவதற்கு அசையாத விசுவாசம் முன்நிபந்தனை என்கிறவர்கள் இதை எப்படி வாசிக்கிறார்களோ.) எபிரெயர் 11ஆம் அதிகாரமும் விசுவாசிகளின் பட்டியலில் பட்டயக்கருக்குத் தப்பினவர்களையும் பட்டயத்தினாலே வெட்டப்பட்டு மரித்தவர்களையும் நான்கு வசன இடைவெளிக்குள் சேர்த்தே வைக்கிறது. இருவகையாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றவர்கள் என்றுதான் முடிக்கிறது.

இந்த நிலையை மிகச் சுருக்கமாகச் சொன்னவர்கள் பாபிலோனின் அக்கினிச்சூளைக்கு முன் நின்ற மூவர். எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர், விடுவிப்பார் என்று ராஜாவிடம் சொன்ன அவர்கள், உடனேயே "விடுவிக்காமற்போனாலும்" உம்முடைய பொற்சிலையைப் பணிவதில்லை என்றும் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லை அவர்கள் சூளைக்குள் போவதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள் என்பது கவனத்துக்குரியது. காப்பாற்றுகிறாரா என்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவெடுக்கும் பேரம் அதில் இல்லை.

ஆகவே நோய் தீராதவரிடமோ பிள்ளையை இழந்தவரிடமோ, உங்களுக்கு விசுவாசம் இருந்திருந்தால் இப்படி நேர்ந்திருக்காது என்று சொல்வதற்கு வேதாகமத்தில் இடமில்லை. எல்லாவற்றையும் இழந்து துன்புற்ற யோபின் நண்பர்கள் ஏறக்குறைய அதைத்தான் பக்கம் பக்கமாகச் சொன்னார்கள். இறுதியில் கடவுளின் கோபம் அவர்கள்மேல்தான் மூண்டது.

தொடங்குகிறவர்களுக்கு

கேடகத்தைக் கையில் எடுப்பது என்பது அன்றாடத்தில் எப்படியிருக்கும்? சிக்லாகு ஊரில் தாவீதுக்கு நேர்ந்ததை ஒரு மாதிரியாகக் கொள்ளலாம் (1 சாமுவேல் 30). ஊர் எரிந்து, குடும்பங்கள் சிறைப்பட்டுப் போயிருக்க, அவனும் அவன் ஆட்களும் அழுகிறதற்குத் தங்களில் பெலனில்லாமற்போகுமட்டும் அழுகிறார்கள். ஆட்கள் அவனையே கல்லெறியப் பார்க்கிறார்கள். அப்போது "தாவீது தன் தேவனாகிய கர்த்தருக்குள்ளே தன்னைத் திடப்படுத்திக்கொண்டான்." பிறகு ஆசாரியனை அழைத்து, நான் அந்தக் கொள்ளைக் கூட்டத்தைப் பின்தொடர வேண்டுமா என்று கர்த்தரிடம் விசாரிக்கிறான். அதன் பிறகுதான் கிளம்புகிறான். அழுகை, கடவுளை நினைத்து மனத்தைத் தேற்றுவது, வழி கேட்பது, புறப்படுவது என்ற இந்த வரிசையில் அழுகையைத் தாண்டிக் குதிக்க அவன் முயலவில்லை.

தமிழ்ச் சபைகளில் பொதுவாக நாம் அழுகையிலிருந்து நேரே ஸ்தோத்திரத்துக்குத் தாவிவிடப் பார்க்கிறோம். 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுகள் என்பதையும், 88ஆம் சங்கீதம் வெளிச்சத்தைக் காட்டாமல் இருளிலேயே முடிந்துவிடுகிறது என்பதையும் அறிந்தவர்கள் அப்படி அவசரப்பட வேண்டியதில்லை. கடவுளிடம் முறையிடுவதும் அவரை நோக்கித் திரும்புவதுதான்; அவர் கேட்கிறார் என்று நம்பாதவன் அவரிடம் முறையிட மாட்டான். சிலுவைக்கு முந்திய இரவில் கெத்செமனேயில் இயேசுவே, இந்தப் பாத்திரம் நீங்கும்படி செய்யும் என்று கேட்டுவிட்டுத்தான், என் சித்தத்தின்படியல்ல என்றார்.

வசனத்தைப் பிடித்துக்கொள்வதிலும் ஒரு முறை உண்டு. அட்டையில் உள்ள ஒரு வரியை மட்டும் வைத்துக்கொள்ளாமல், அது வரும் அதிகாரத்தை முழுதாக, மெதுவாக, பல நாள் வாசிக்க வேண்டும். யாருக்கு, எந்த நெருக்கடியில் அது சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்னும் எரேமியா 29:11 மிகப் பிரபலமான வாக்குத்தத்தம். அதற்கு முந்திய வசனம் 70 வருஷம் பாபிலோனில் கழியும் என்கிறது, அதற்கும் முன்னால் அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று சொல்லப்படுகிறது. இவற்றோடு சேர்த்து வாசிக்கும்போது அந்த வாக்குத்தத்தம் சுருங்குவதில்லை. ஆறு மாதத்தில் உடைந்துபோகாத உறுதியைப் பெறுகிறது. இதைத் துன்பம் வந்த பிறகு தொடங்குவது கடினம். அம்பு வரும்போது கேடகத்தின் பிடி எங்கே என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே குடும்ப ஜெபமோ ஜெபமாலையோ காலை வாசிப்போ, எந்தச் சபையாரானாலும் தங்களுக்குப் பழகிய ஒழுங்கைச் சாதாரண நாட்களிலேயே கடைப்பிடிப்பது பயன் தரும்.

இதையெல்லாம் செய்ய முடியாத அளவுக்குக் களைத்துப்போன நேரங்களும் உண்டு. மரண வீட்டில், தீவிர சிகிச்சைப் பிரிவின் வராந்தாவில், வேதாகமத்தைத் திறக்கவே கை வராது. அப்போது பக்கத்துக் கேடகங்கள் வேண்டியிருக்கின்றன: வந்து உட்கார்ந்து, நீளமாகப் பேசாமல், நமக்குப் பதிலாக ஜெபிப்பவர்கள், காலையில் இட்லி கொண்டுவருகிறவர்கள், மருத்துவமனைக் கட்டணத்துக்கு ஓடுகிறவர்கள். உதவி கேட்கக் கூச்சப்படுகிறவர்கள், அந்தச் சிக்லாகு அதிகாரத்தின் பிற்பகுதியையும் வாசிக்கலாம். தாவீதோடு புறப்பட்ட 600 பேரில் 200 பேர் களைப்பினால் பேசோர் ஆற்றைக் கடக்க முடியாமல் பின்தங்கிவிட்டார்கள். மீட்டுக்கொண்டு வந்த பொருளில் இவர்களுக்குப் பங்கில்லை என்று திரும்பி வந்தவர்களில் சிலர் சொன்னபோது, யுத்தத்துக்குப் போனவனுக்கும் ரஸ்துக்களண்டையில் (மூட்டை முடிச்சுகளின் அருகில்) இருந்தவனுக்கும் பங்கு சரி என்று தாவீது தீர்ப்புச் செய்தான். அதுவே அந்நாள்முதல் இஸ்ரவேலில் பிரமாணமாயிற்று.

எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது என்று கேட்கிறவர்கள் 13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆறே வசனங்கள், அதில் நான்கு முறை "எதுவரைக்கும்" என்ற கேள்வி வருகிறது. அடுத்து 46ஐயும், பிறகு 91ஐ அதன் 15ஆம் வசனத்தில் நின்று நிதானித்தும் வாசித்துவிட்டு, நடபடிகள் 27க்கு வரலாம். வாரத்துக்கு ஒன்று போதும்.